சவுத்எண்டிலிருந்து அப்பாவுக்கு

சவுத்எண்ட், இங்கிலாந்து
4 ஜனவரி 2026

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள், அம்மா, அப்பத்தா, தம்பி எல்லோரும் நலமா? அன்றைக்குப் போனில் "இந்தக் குளிருக்குள் லீவு நாளில் என்னதான் செய்கிறாய்?" என்று கேட்டீர்கள். பாதியில் லைன் போய்விட்டது. சரி, சாவகாசமாக எழுதுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

பறவை பார்க்கிறேன் அப்பா. இங்கே மார்கழியில் பகல் எட்டு மணி நேரம்கூடக் கிடையாது. காலை எட்டுக்கு வெளுத்து, நாலு மணிக்கெல்லாம் கருக்கலாகிவிடுகிறது. பதினாறு மணி நேர ராத்திரியைத் தாங்குவதற்கான இரையை அந்தக் கொஞ்சப் பகலுக்குள் பறவைகள் தேடியாக வேண்டும். ப்ளூ டிட் என்று நீலத் தலையும் மஞ்சள் வயிறுமாக ஒரு குருவி வரும். எடை பத்துப் பதினோரு கிராம்தான். விடிந்ததிலிருந்து அடையும் வரை தின்றுகொண்டே இருக்கும். அதற்காகவே இங்கே வீட்டுக்கு வீடு தோட்டத்தில் கம்பிக்கூட்டில் வேர்க்கடலையும் சூரியகாந்திப் பருப்பும் தொங்கவிடுகிறார்கள். உப்புப் போட்ட கடலை ஆகாது. தட்டில் வைத்த தண்ணீர் ராத்திரியில் உறைந்துபோவதால், காலையில் ஐஸைத் தட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். அப்பத்தாவிடம் சொல்லுங்கள், காக்கைக்குச் சோறு வைக்காமல் சாப்பிடாத பழக்கம் இந்த ஊர்க்காரர்களுக்கும் உண்டு என்று.

எனக்கு ரொம்பப் பிடித்தது ராபின். நெஞ்சு மட்டும் செங்கல் நிறம். குளிருக்கு இறகை உப்பிக்கொண்டு எலுமிச்சம்பழம் போல உருண்டு நிற்கும். மற்றதெல்லாம் வாயடைத்துக் கிடக்கிற இந்த மாதத்திலும் அது பாடுகிறது. குளிர்காலத்தில் ஆணும் பெண்ணும் தனித்தனியாக இடம் பிடித்துக் காவல் காக்குமாம், அதனால் பெண்ணும் பாடும். பின்பக்கம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தேன். மண்வெட்டிக்கு ஒரு முழம் தள்ளி வந்து இறங்கி, தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. புரண்ட மண்ணில் ஒரு புழு நெளிந்ததும், என் செருப்பை ஒட்டியே வந்து கொத்திக்கொண்டு வேலிக்குள் போய்விட்டது. அன்று முழுக்க எனக்கு வேறு நினைப்பே இல்லை.

வேலிக்குள் சிட்டுக்குருவிகளும் இருக்கின்றன. நம் வீட்டு ஓட்டுக்கு அடியில் கூடு கட்டுமே, அதே குருவிதான். லண்டன் பக்கம் போனால் பச்சைக்கிளிக் கூட்டமே உண்டு. யாரோ வளர்த்துத் தப்பியவை, பனியிலும் பிழைத்துப் பெருகிவிட்டன.

இனிக் கடலுக்கு வருகிறேன். இந்த ஊர்ப் பாலம் ஒன்று கடலுக்குள் 2 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. பாம்பன் ரயில் பாலத்தைவிட நீளம், இதன் மேலும் ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. ஆனால் அக்கரை கிடையாது, கடலிலேயே முடிந்துவிடும். நீங்கள் பார்க்க வேண்டியது இங்கத்து வற்றத்தைத்தான், கடல் தண்ணீர் இறங்கி உள்வாங்குவதை. நம் வாலிநோக்கத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்கூட வித்தியாசம் வராது. இங்கே பெரிய வற்றத்தில் ஐந்து மீட்டர் இறங்கி, தண்ணீர் ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்வாங்கிவிடும். அத்தனையும் சேறு, அத்தனையும் பறவைக்குச் சாப்பாடு.

அந்தச் சேற்றில் முளைக்கும் கடற்புல்லை மேய்வதற்கு அக்டோபரிலேயே சைபீரியாவிலிருந்து ஆயிரக்கணக்கில் பிரென்ட் வாத்துகள் வந்துவிடுகின்றன. கழுத்தும் தலையும் கன்னங்கரேல். நம் கடலில் ஆவுளியா என்கிற கடல்பசு மேய்வதும் இப்படிப்பட்ட புல்லைத்தானே. புல் இருக்கும்வரை இதுகளும் வரும்.

பாலத்தடியில் கல்திருப்பி உள்ளான்களைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டேன். அதே ஆரஞ்சுக் கால், அதே வேகம். பாசிக் கொத்துக்குக் கீழே மூக்கைக் கொடுத்து நெம்பிப் புரட்டி, அடியில் ஓடும் பூச்சியைப் பிடித்தது. நம் தீவுகளில் வலை உலர்த்தும்போது நீங்கள் காட்டினீர்களே, அதுவேதான். இங்கே வருபவை கிரீன்லாந்து, கனடாப் பக்கத்தவை. நம் கரைக்கு வருபவை சைபீரியாவிலிருந்து.

அப்புறம் ஒரு விஷயம், இதற்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். ஜனவரி கடைசியில் ஒரு வார இறுதியில் இந்த நாடு முழுக்க ஜனங்கள் ஒரு மணி நேரம் தோட்டத்தைப் பார்த்துப் பறவை எண்ணுகிறார்கள். 1979-லிருந்து நடக்கிறது. ஒரே பறவையை இரண்டு தடவை எண்ணிவிடாமல் இருக்க, ஒரே சமயத்தில் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கையை மட்டும் எழுத வேண்டும். குழந்தைகள், வயதானவர்கள் எல்லோரும் எழுதுகிறார்கள். சிட்டுக்குருவி குறைந்துவருவது ஊர் உலகத்துக்குத் தெரிவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

நம் ஊரிலும் பொங்கலை ஒட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஒரு இடத்தில் கால் மணி நேரம் நின்று எண்ணினால் போதும், தம்பி போனிலேயே ஏற்றிவிடலாம். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்தங்கல் என்று நம் மாவட்டக் கண்மாய்கள் நாலும், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைச் சேர்க்கும் ராம்சர் பட்டியலில் வந்துவிட்டன. போன வருஷம் தனுஷ்கோடியும் பூநாரைகளுக்காகச் சரணாலயமானது. அங்கே போய் எண்ண வெளியூர் ஆட்கள் வருவார்கள். நம் உப்பளத்து ஓரத்தில் வாடைக்காற்றில் கூடும் உள்ளான்களைத் தினமும் பார்ப்பது நீங்கள்தான். ஆலாப் பறவை மீனுக்கு விழுகிற இடம் பார்த்து வலை போடுகிற உங்களுக்கு, எந்தக் காற்றுக்கு எது வரும், எது வர வர வருவதில்லை என்று தெரியும். அது எங்கேயும் எழுதப்படவில்லை அப்பா. பொங்கல் அன்று தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள், அவன் எழுதட்டும். பேர் தெரியாவிட்டால் நீங்கள் கூப்பிடுகிற பேரையே போட்டு ஒரு படத்தோடு எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

அப்பத்தாவின் முழங்கால் வலிக்கு மருந்து வாங்கினீர்களா? பணம் இந்த வாரம் வந்துவிடும். அம்மாவைக் கருவாடு அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அன்பு மகள்,
செல்வி