ரிசர்வை மடித்த கைகளுக்கு

கல்லடி, மட்டக்களப்பு

அன்புள்ள எல்லோருக்கும்,

ஊருக்கு வந்து பத்து நாளாகிறது. வழியில் காண்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, பரசூட் விரியல்லையாமே?" விரிந்தது. விரிந்த விதம்தான் பிழை.

மெல்பேர்னுக்கு வெளியே 14,000 அடியில் விமானத்தை விட்டுக் குதித்தேன். என் 31ஆவது குதிப்பு. மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் விழுந்து, 5,000 அடியில் மெயின் பரசூட்டைத் திறந்தேன். கயிறெல்லாம் முறுக்கிக்கொண்டு, அது என்னையும் சேர்த்துச் சுழற்றியது. காலை உதறி முறுக்கை அவிழ்க்கப் பார்த்தேன், சரிவரவில்லை. 2,500 அடிக்கு மேலேயே முடிவெடுக்க வேண்டும் என்று படித்திருந்தேன். வலப்பக்கக் கைப்பிடியை இழுத்து மெயினைக் கழற்றிவிட்டேன், இடப்பக்கத்தை இழுத்தேன், ஆபத்துக்கென்று வைத்திருக்கும் இரண்டாவது பரசூட்டான ரிசர்வ் விரிந்தது. இதை எழுத எடுத்த நேரத்தில் பாதிகூட ஆகவில்லை.

அன்று மெயினை மடித்தவன் நான்தான், அதுவும் அரட்டை அடித்துக்கொண்டே. அப்பா வாவியில் வீச்சுவலை போட்டவர். கரையேறியதும் வலையை உதறிச் சிக்கெடுத்து, நிதானமாக மடிப்பார். நான் அவசரப்பட்டு மடித்தால் ஒன்றும் பேசாமல் வாங்கி, மறுபடி முதலிலிருந்து உதறுவார். அந்தக் கையை மறந்துபோனேன்.

ரிசர்வை மட்டும் நாங்கள் தொடக்கூடாது. பரசூட் மடிக்கவும் பழுதுபார்க்கவும் தகுதி பெற்ற ரிகர் ஒருவர் மடித்து, அட்டையில் கையெழுத்து வைத்துத் தருவார். என்னுடையதை மடித்த அக்காவுக்கு முதல் நன்றி. இப்படித் தப்பியவர் மடித்தவருக்கு ஒரு போத்தல் மதுபானம் கொடுப்பது இந்த விளையாட்டின் வழக்கம். அக்கா குடிப்பதில்லை. அதனால் நம்மூர் முந்திரிப்பருப்பு இரண்டு கிலோ போகிறது. எருமைத் தயிர் கொண்டுபோகத்தான் ஆசை, விமானத்தில் விடமாட்டார்கள்.

மெயினைத் தோளோடு பிணைத்திருப்பது மூன்று வளையங்கள். பில் பூத் என்பவர் 1970களில் கண்டுபிடித்த அமைப்பு. வளையம் வளையமாகப் பாரம் குறைந்து, கடைசியில் ஒரு சின்ன நூல் கண்ணிதான் அவ்வளவையும் பிடித்திருக்கும். அதனால்தான் சுழன்றுகொண்டிருந்த என் கைப்பலத்துக்கே கழன்றது. முகம் தெரியாத அவருக்கும் நன்றி.

நான் இறங்கிய பிறகுதான் மற்றவர்களுக்கு வேலை தொடங்கியது. கழற்றிவிட்ட மெயின் காற்றோடு எங்கோ போய்விட்டது. ரிசர்வை வைத்திருந்த பையும் காணவில்லை. அன்றைய குதிப்பை விட்டுவிட்டுப் பதினைந்து பேர் வயல் வயலாகத் தேடினார்கள். வேடிக்கை பார்க்க வந்த எங்கள் பொடியன்கள் நாலு பேரும் வேலி தாண்டினார்கள், ஒருவனுக்குக் காற்சட்டையும் கிழிந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. தலைமைப் பயிற்சியாளர் மட்டும், "நாளைக்கு என் முன்னால் பத்துத் தரம் மடி" என்றார். மடித்தேன்.

அம்மாவுக்கு நன்றியோடு மன்னிப்பும். ஒரு கிழமை கழித்துத்தான் சொன்னேன். மாமாங்கம் கோயிலில் நேர்த்தி வைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டால் சொல்லமாட்டார். நான் இதை விட வேண்டும் என்றுதான் இருக்கும். சின்ன வயதில் அம்பாறையில் விமானப்படைக்காரர்கள் பரசூட்டில் இறங்குவதைக் கைநீட்டிக் காட்டியவரே அவர்தான், பெரியம்மா வீட்டு முற்றத்தில் நின்று.

அப்புறம், ரிசர்வ் பையை மரக்கிளையில் கண்டு, வாகனத்தில் வைத்துவிட்டுச் சொல்லாமல் போனவர் யார் என்று இன்னும் தெரியவில்லை. அந்த நாலு பொடியன்களில் ஒருவர் என்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் பங்கு முந்திரியைத் தங்கை தின்றுமுடிக்கும் முன்.

அன்புடன்,
கல்லடியான்