சாண்டியாகோவில் வந்த பன்னீர் வாசம்

அன்புள்ள தாயிக்கு, அப்பா எழுதுவது.

சிலியில் உன்னைப் பார்த்துவிட்டு ஊருக்கு வந்து பதினெட்டு நாள் ஆகிறது. தினமும் வீடியோவில் பேசுகிறோம்தான். ஆனால் அப்போது உன் அம்மா பக்கத்தில் இருப்பாள், நீ வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருப்பாய், நான் "சாப்பிட்டியா, உடம்பு எப்படி" என்று கேட்டுவிட்டு போனை அவளிடம் கொடுத்துவிடுவேன். சொல்ல நினைத்தது நெஞ்சிலேயே நிற்கிறது. அதனால் மேலத்தோட்டத்து மோட்டார் ரூமில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கரண்ட் வரும்வரை நேரம் இருக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு ஒயின் பாரில் சேரப் போகிறேன் என்று நீ சொன்னபோது நான் ஒன்றும் பேசவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாயோ என்னவோ. அது சம்மதம் இல்லை தாயி, பயம். பார் என்றால் எனக்குத் தெரிந்தது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, பிளாஸ்டிக் டம்ளர், ஊறுகாய்ப் பொட்டலம், நின்ற வாக்கிலேயே ஒரே மடக்கில் ஊற்றிக்கொண்டு வாயைத் துடைக்கிற ஆட்கள். அந்த ஆட்களில் ஒருவனாக உன் சித்தப்பா இருந்தான். அவனை எடுத்துக்கொண்டு போனபோது அவனுக்கு நாற்பத்திரண்டு வயது. நீ ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய். பார் என்ற சொல்லோடு சேர்த்து என் மகளை நினைக்க எனக்கு மனம் வரவில்லை. சொந்தக்காரர்கள் கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்றே சொல்லிவந்தேன். அங்கே வர விமானம் ஏறும்போதும், எப்படியாவது பேசி உன்னைக் கூட்டிவந்துவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அதை இப்போதுதான் உன்னிடம் சொல்கிறேன்.

முதல் நாள் சாயங்காலம் நீ என்னை லஸ்தாரியா தெருவுக்குக் கூட்டிப்போனாய். பக்கத்திலேயே சாந்தா லூசியா குன்று. 1541-இல் வால்டிவியா என்ற ஸ்பானியத் தளபதி அந்தக் குன்றின் அடிவாரத்தில்தான் சாண்டியாகோ நகரை நிறுவினார் என்று சொன்னாய். நான் குன்றைப் பார்க்கவில்லை, மேஜைகளைத்தான் பார்த்தேன். நடைபாதையில் வரிசையாக மேஜைகள். ஒரு பாட்டி, அவர் மகள், மகளின் மகன் என்று மூன்று தலைமுறை ஒரே மேஜையில். பையனுக்கு ஜூஸ், பெரியவர்களுக்கு ஒயின். நடுவில் ரொட்டி, சீஸ், மசித்த பட்டர் ஃப்ரூட். தாண்டிக்குடிப் பக்கம் விளைகிற அதே பழத்தை அங்கே உப்புப் போட்டு மூன்று வேளையும் ரொட்டியில் தடவிக்கொள்கிறார்கள். அந்தப் பாட்டியின் கிளாஸை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். முக்கால் மணி நேரத்தில் பாதிதான் குறைந்திருந்தது. அவருக்குப் பேச நிறைய இருந்தது.

போக்கனாரிஸ் என்ற பாரின் வாசலில் நின்று, வாய், மூக்கு என்ற இரண்டு ஸ்பானியச் சொற்களை ஒட்டிவைத்த பெயர் அது என்று விளக்கினாய். எனக்கு அந்தப் பெயர் பிடித்துவிட்டது. உள்ளே மூன்று மூன்று சின்னக் கிளாஸ்களாக வைக்கிறார்கள். ஒன்று கடற்கரைப் பக்கத்துத் தோட்டம், ஒன்று மலையடிவாரம், ஒன்று தெற்கு. முதலில் மோந்து பார்க்கிறார்கள், பேசுகிறார்கள், அப்புறம்தான் வாயில் வைக்கிறார்கள். முடிந்ததும் மெட்ரோ பிடித்து வீட்டுக்குப் போகிறார்கள். 2012-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, குடித்துவிட்டு வண்டி எடுக்கிற விஷயத்தில் அந்த நாடு கண்டிப்பாக இருக்கிறது என்றாய். ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.3 கிராம் ஆல்கஹால் இருந்தாலே தண்டனை. கேட்டதும் எனக்கு நம் பைபாஸ் ரோடுதான் நினைவுக்கு வந்தது.

ஆனால் நீ எனக்கு நல்லதை மட்டும் காட்டவில்லை. அதற்காகவே உன்மேல் மதிப்புக் கூடியது. இரண்டாம் வாரம் மபோச்சோ ஆற்றுப் பக்கம், மத்திய மார்க்கெட்டுக்குக் கிட்ட இருக்கிற லா பியோஹேராவுக்குக் கூட்டிப்போனாய். பேன் பிடித்த இடம் என்று அர்த்தமாம். தரையெல்லாம் பிசுபிசுப்பு, ஒரே சத்தம், கிடார். பிபென்யோ என்கிற நாட்டு ஒயினில் அன்னாசி ஐஸ்கிரீமை மிதக்கவிட்டுக் கொடுக்கிறார்கள். அதன் பெயர் தெர்ரெமோத்தோ, அதாவது பூகம்பம். அதற்கு மேல் சின்னக் கிளாஸ் ஒன்று வாங்கினால் அது ரெப்ளிகா, பின்னதிர்வு. 2010-இல் 8.8 அளவில் பூமி ஆடிய நாட்டில் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்றால் அவர்கள் நெஞ்சுரத்தை என்னவென்று சொல்ல. ஆனால் மூலை மேஜையில் ஒரு பையன் தலையைக் கவிழ்த்துக் கிடந்தான். இரண்டு நண்பர்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள், அவன் கால் தரையில் இழுபட்டது. உன் சித்தப்பாவையும் நான் அப்படித்தான் தூக்கிவந்திருக்கிறேன். குடி எந்த நாட்டிலும் குடிதான் தாயி. தெருவில் வந்து நின்றதும் நீ சொன்னாய்: "அதுக்காகத்தான்ப்பா நான் கிளாஸை நிறைக்க மாட்டேன். போதும்னு பட்டா தண்ணி வச்சுருவேன், அதுக்கு மேல ஊத்த மாட்டேன்." என் வயிற்றில் இருந்த கல் அன்றைக்கு இறங்கியது.

லீவு நாளில் மைப்போ பள்ளத்தாக்குக்குப் போனோமே, அதைப் பற்றி மட்டுமே பத்துப் பக்கம் எழுதலாம். ஏப்ரல் மாதம். கொடி இலையெல்லாம் குங்குமமாகச் சிவந்து கிடந்தது. நம் ஊரில் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் கொடியை வெட்டிக் கவாத்து, ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுப்பு. கொடிக்கு ஓய்வே கிடையாது. அங்கே இலையை உதிர்த்துவிட்டுக் குளிர்காலம் முழுக்கத் தூங்குகிறது. நாற்பது வருஷமாகத் திராட்சை வைத்திருக்கிற எனக்கு, கொடி தூங்கும் என்று நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அந்தச் சிவந்த இலைக்காரிதான் கார்மெனேர் என்றாய். 1860-களுக்குப் பிறகு பிரான்சில் வேரை உறிஞ்சும் பூச்சி விழுந்து தோட்டம் தோட்டமாக அழிந்தபோது, இந்த ரகமும் அங்கே போன இடம் தெரியவில்லை. அதற்கு முன்பே சிலிக்கு வந்துவிட்ட குச்சிகள் மட்டும் பிழைத்தன. வடக்கே பாலைவனம், கிழக்கே ஆண்டிஸ் மலை, மேற்கே கடல். பூச்சி உள்ளே வர வழியில்லை. ஆனால் நூறு வருஷத்துக்கும் மேலாக அதை மெர்லோ என்ற இன்னொரு கறுப்பு ரகம் என்றே நினைத்து மெர்லோவோடு கலந்து வளர்த்திருக்கிறார்கள். 1994 நவம்பரில் பூர்சிகோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர், கொடி பூத்திருந்த நேரத்தில் வந்து, பூவுக்குள் மகரந்தத் தாள் முறுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, இது மெர்லோ இல்லை, கார்மெனேர் என்று சொல்லியிருக்கிறார். மெர்லோவைவிட மூன்று நான்கு வாரம் தாமதமாகப் பழுக்கிற ரகம். அதைப் போய் மெர்லோவோடு சேர்த்து அறுத்தால் பச்சைக் குடைமிளகாய் வாசம் அடிக்காமல் என்ன செய்யும்? குறை காயில் இல்லை, அறுத்த நாளில்தான். இதைக் கேட்டபோது எனக்கு வேறொன்று பட்டது. உன்னையும் நான் இத்தனை நாளாக வேறு ரகம் என்றே நினைத்திருக்கிறேன்.

இப்போது அந்த வியாழக்கிழமை ராத்திரிக்கு வருகிறேன்.

உன் பாரில் இத்தாத்தா பள்ளத்தாக்கு ஒயின்களுக்கு என்று ஒரு நாள் வைத்திருந்தாய். சாண்டியாகோவிலிருந்து தெற்கே சுமார் நானூறு கிலோமீட்டர். பந்தலும் கம்பியும் இல்லாமல், முருங்கைக் கட்டை உயரத்துக்குத் தனித்தனியாக நிற்கிற கொடிகள், பாசனம் இல்லை, மழை ஈரத்தை நம்பியே இருக்கின்றன என்று போட்டோ காட்டினாய். அடிமரம் என் தொடைப் பருமன். நூறு வருஷம், அதற்கும் மேல். பாயிஸ் என்ற கறுப்பு ரகம் 16-ஆம் நூற்றாண்டில், பூசைக்கு ஒயின் வேண்டும் என்று ஸ்பானியர்கள் கொண்டுவந்தது. எத்தனையோ காலம் அதை ஏழைகளின் குடி என்று ஒதுக்கியிருந்தார்களாம்.

அன்று கூட்டம் வருவதற்கு முன்னால் எனக்கு முன்னே ஒரு கிளாஸை வைத்தாய். வெளிர் மஞ்சள் நிறம். "குடிக்க வேண்டாம்ப்பா. மோந்து மட்டும் பாருங்க" என்றாய். குனிந்தேன். தாயி, அந்த வாசம் எனக்குத் தெரியும். காலை ஏழு மணிக்குப் பனி காயும் முன்னால் பந்தலுக்கு அடியில் நுழைந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த வாசம். பழப் பெட்டியில் வைக்கோலை விலக்கும்போது வருமே, அதுவேதான். "பன்னீர்" என்றேன். நீ ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய், கண் நிறைந்திருந்தது. அப்புறம்தான் சொன்னாய்: நம் பன்னீர்த் திராட்சைக்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர், அதைப் பெற்ற இரண்டு ரகங்களில் ஒன்று மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா, கிளாஸில் இருப்பது அதுதான், அங்கே மொஸ்காத்தெல் என்கிறார்கள் என்று. தமிழ்நாட்டுக்குப் பன்னீரைக் கொண்டுவந்தது 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார். அவர்களுக்கும் தேவாலயம்தான் திராட்சை கொடுத்திருக்கிறது, நமக்கும் அப்படியே. உலகத்தின் அந்தக் கோடியில் நம் தோட்டத்தின் மூத்தவளைப் பார்த்த மாதிரி இருந்தது. ஒரு வாய் குடித்தேன். ஒரே ஒரு வாய்தான். அதற்காக எனக்கு மனதில் ஒரு குறையும் இல்லை.

அன்றைக்கு அந்த மொஸ்காத்தெலை விளைவித்த பெரியவர் வந்திருந்தார். அவருக்கும் எனக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. என் கையைப் பிடித்தவர் விடவில்லை. விரலால் தடவி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் காய்த்துப்போன இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். கவாத்துக் கத்தரி கொடுத்த காய்ப்பு. தன் கையைத் திருப்பி அதே இடத்தைக் காட்டினார். நீ நடுவில் நின்று மொழிபெயர்த்தாய். பெரிய கம்பெனிக்கு மொத்தமாகப் போட்டால் கிடைக்கிற விலை அறுப்புக் கூலிக்கே சரியாகப் போகும், அதனால்தான் தன் பழத்தைத் தானே ஒயினாக்கித் தன் பேரிலேயே பாட்டிலில் அடைக்கிறேன் என்றார். 2023 பிப்ரவரியில் அந்தப் பக்கமெல்லாம் காட்டுத்தீ பிடித்ததே, அதில் அவருடைய கொடிகளில் பாதி போய்விட்டதாம். கருகிய அடிக்கட்டையில் துளிர் வந்திருப்பதை போனில் காட்டினார். எந்தக் கணுவில் வந்திருக்கிறது என்று கேட்டேன். அரை மணி நேரம் பேசினோம்.

அப்புறம் கூட்டம் வந்தது. நான் ஓர் ஓரமாக உட்கார்ந்து உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மேஜையிலும் ஊற்றுவதற்கு முன்னால் நீ அந்தப் பெரியவர் பெயரைச் சொன்னாய், அவர் ஊர்ப் பெயரைச் சொன்னாய், கொடியின் வயதைச் சொன்னாய். ஸ்பானிய மொழி எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பெயர் பதினொரு மேஜையில் பதினொரு தடவை காதில் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் அந்த மேஜையில் இருப்பவர்கள் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து எழுந்து நின்றார்.

நாற்பது வருஷத்தில் என் பழம் எத்தனை ஊருக்குப் போயிருக்கும்? கமிஷன் மண்டியில் இறக்கிய நிமிஷமே அதன்மேல் என் பெயர் அழிந்துபோகும். 2023-இல் கம்பம் பன்னீருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது சந்தோஷப்பட்டோம். ஆனாலும் தின்கிறவனுக்கு விளைவித்தவன் யாரென்று இன்றைக்கும் தெரியாது. அந்தப் பெயரை மேஜை மேஜையாக எடுத்துக்கொண்டு போகிற வேலையை என் மகள் செய்கிறாள். அது தெரியாமல் மூன்று வருஷம் உன் வேலையை நான் மறைத்துவிட்டேன். மன்னித்துக்கொள் தாயி.

போன ஞாயிற்றுக்கிழமை உத்தமபாளையத்தில் ஒரு கல்யாணம். உன் பெரிய மாமா பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, "பாப்பா இன்னும் அதே கம்பெனிதானா மாப்ளே?" என்று கேட்டார். "இல்ல மச்சான், ஒயின் பார்ல இருக்கு. எந்தத் தோட்டத்துப் பழம், எப்படி வெளஞ்சதுன்னு வர்றவங்களுக்கு எடுத்துச் சொல்ற வேலை" என்றேன். அவர் கை இலையிலேயே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம பன்னீர்ல ஒயின் வருமா?" என்று கேட்டார். வரும் என்றேன். அதற்கு மேல் உன்னைத்தான் கேட்க வேண்டும். விவரமாக எழுது.

நான் கொண்டுவந்த காலி பாட்டிலை அம்மா கழுவி ஜன்னலில் வைத்திருக்கிறாள். லேபிளைக் கிழிக்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை மேலத்தோட்டத்துக்குக் கவாத்து. அந்தப் பெரியவர் அடுத்த தடவை வந்தால், கருகின கட்டையில் எத்தனை கணு விட்டு வெட்டினார் என்று மட்டும் கேட்டுச் சொல்.

கரண்ட் வந்துவிட்டது. தண்ணீர் திருப்பப் போகிறேன்.

அப்பா