சனி பின்னேரம் புதிர் வகுப்பு

பெற்றோருக்கு வணக்கம். தரம் 3, 4 பிள்ளைகளின் புதிர் வகுப்பு இந்தச் சனியும் பின்னேரம் 4 மணிக்கு எங்கள் கோண்டாவில் வாசிகசாலையில் நடக்கும். பழைய கலண்டர் மட்டையில் 1 முதல் 9 வரை எழுதி, துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்துவிடுங்கள்.

போன கிழமை தொடங்கிய மாயச்சதுரத்தைத்தான் தொடரப்போகிறோம். ஒன்பது கட்டம், ஓர் எண் ஒருமுறைதான். நிரை, நிரல், மூலைவிட்டம் எதைக் கூட்டினாலும் 15 வரவேண்டும். ஒரு பிள்ளை அழித்து அழித்துப் போட்டு கொப்பித்தாளே கிழிந்துவிட்டது. அவ்வளவு கூட்டலையும் நான் வெறும் கணக்காகக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தால் பாதியில் களைத்திருப்பாள். கடைசியில், "நடுவில 5 வந்தால்தான் சரிவரும் ரீச்சர்" என்றாள். 1உம் 9உம், 2உம் 8உம் எதிரெதிரே நின்று கூட்டினால் பத்து வருவதை விரல் வைத்துக் காட்டினாள். எனக்கு அவ்வளவு சந்தோசம்.

தயவுசெய்து வீட்டில் விடையைச் சொல்லிவிடாதீர்கள். மிகவும் திணறினால், மேல் நிரையில் 8, 1, 6 என்று மட்டும் வைத்துக் கொடுங்கள், மிச்சத்தை அவர்களே பிடிப்பார்கள். புலமைப்பரிசில் பயிற்சித்தாள்களை அந்த ஒரு மணித்தியாலம் ஒதுக்கி வையுங்கள்.

ரியூசன் இருப்பவர்கள் வெள்ளிக்கு முன் இங்கே சொல்லுங்கள், நேரத்தை மாற்றலாம்.