பினாங்கு உணவு உலா: வாங்கிய ரூ.13,000-ஐத் திருப்பித் தரக் கோரி

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

ஐயா,

சென்ற மாதம் உங்கள் நிறுவனம் மூலம் நானும் என் மனைவியும் நான்கு நாள் பினாங்கு போய் வந்தோம். மலேசியாவுக்கு அதுதான் முதல் பயணம். விமானம், ஓட்டல் அறை, பினாங்கு மலை ரயில் எதிலும் குறையில்லை. என் புகார் சாப்பாட்டைப் பற்றி மட்டும்தான். "ஜார்ஜ் டவுன் தெருவோர உணவு உலா" என்று சொல்லி, தலைக்கு ரூ.6,500 தனியாக வாங்கினீர்களே, அதைப் பற்றி.

முதல் நாள் மதியம் லக்சா, அதாவது அந்த ஊர் நூடுல்ஸ் குழம்பு, என்று பயணத் திட்டத்தில் அச்சிட்டிருந்தது. வண்டி போய் நின்றதோ ஒரு வட இந்திய பஃபே வாசலில். பனீர் பட்டர் மசாலா, ஜீரா ரைஸ், குலாப் ஜாமூன். என்னங்க இது என்று கேட்டால், "இந்தியாவிலிருந்து வர்றவங்க இதைத்தான் சார் கேப்பாங்க" என்றார் உங்கள் வழிகாட்டி. நாங்கள் கேட்கவில்லையே! மீன், இறால் எல்லாம் சாப்பிடுவோம் என்று பதிவுப் படிவத்தில் என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். மறுநாளும் அதே பஃபே, அதே பனீர். ஜாமூன் மட்டும் ரசகுல்லாவாகியிருந்தது.

மூன்றாம் நாள் கர்னி டிரைவ் என்ற கடற்கரைச் சாலை. அங்கே சாப்பாட்டுக் கடைகள் சாயங்காலத்துக்கு மேல்தான் களைகட்டும். ஊருக்குப் புதியவனான எனக்கே இது இப்போது தெரியும். எங்களைக் காலை 11 மணிக்குக் கொண்டுபோய் இறக்கினீர்கள். அடுக்கிவைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

அன்று மாலை வழிகாட்டியை அனுப்பிவிட்டு நாங்களே நடையைக் கட்டினோம். பினாங்கு சாலையை ஒட்டிய ஒரு சந்தில் அசாம் லக்சா கிடைத்தது. அசாம் என்றால் மலாய் மொழியில் புளி. மீனை உதிர்த்துப் போட்ட புளிக்குழம்பு, அதில் தடித்த அரிசி நூடுல்ஸ், மேலே வெள்ளரி, அன்னாசி, புதினா. கரண்டியில் வைத்துத் தந்த கறுப்பு இறால் விழுதைக் கலக்கியதும் வாசனையே வேறாகிவிட்டது. முதல் வாய்க்கு முகம் சுளித்த என் மனைவி, கடைசியில் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தாள்.

சரி, இந்தியச் சாப்பாடுதான் போடுவேன் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தாலும், நாசி கந்தார் கடைக்காவது கூட்டிப்போயிருக்கலாமே? தோளில் காவுதடி வைத்து, ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் கறி என்று தமிழ் முஸ்லிம்கள் தெருத்தெருவாகச் சுமந்து விற்றதில் வந்த பெயர் அது. நாங்கள் போன கடையில், "பாஞ்சிர் போடவாண்ணே?" என்று தமிழிலேயே கேட்டார்கள். பாஞ்சிர் என்றால் மலாய் மொழியில் வெள்ளம். நாலைந்து குழம்பையும் சோறு மூழ்க ஊற்றித் தருகிறார்கள். அப்புறம் ஆளுக்கொரு சென்டோல், தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் ஊற்றிய ஐஸ் இனிப்பு. இருவருக்கும் எல்லாம் சேர்த்து 42 ரிங்கிட், ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். நீங்கள் வாங்கியதோ பதிமூன்றாயிரம்.

அங்கிருந்தே உங்கள் உதவி எண்ணுக்கு இரண்டு முறை பேசினேன். "பஃபேயும் உணவுதானே சார்" என்று பதில் வந்தது. அதில் எனக்கும் கருத்து வேறுபாடில்லை. ஆனால் ரசீதில் "தெருவோர உணவு" என்றல்லவா போட்டிருக்கிறீர்கள்?

உணவு உலாவுக்கான ரூ.13,000 முழுவதையும் 15 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். அடுத்த முறைக்கான தள்ளுபடிக் கூப்பன் எதுவும் வேண்டாம். பணம் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

ரசீது, பயணத் திட்டம், பதிவுப் படிவம் மூன்றின் நகல்களையும் இணைத்திருக்கிறேன். காலை 11 மணிக்குக் கர்னி டிரைவில் எடுத்த படமும் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
திருச்சி