வலிக்குத் தடவு, பலவீனத்துக்கு டாக்டரைப் பார்

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள ரம்யா,

நீ அனுப்பிய மெக்னீசியம் ஸ்ப்ரே வந்தது. ராத்திரி படுக்கும் முன் கெண்டைக்காலில் அடித்து அழுத்தித் தேய்க்கிறேன். இதமாகத்தான் இருக்கிறது. கொசு கடித்துச் சொறிந்த இடத்தில் பட்டால் மட்டும் எரிச்சல் தாங்கவில்லை. மெக்னீசியம் குளோரைடு உப்புக் கரைசல்தானே, காய்ந்ததும் தோலில் பூத்துக்கொண்டு நமைக்கிறது. ஈரத்துணியால் துடைத்துவிடுகிறேன்.

ஆனால் இதம் உப்பாலா, தேய்ப்பதாலா? தேய்ப்பதால்தான் என்பேன். தோலின் மேலடுக்கு உப்பை லேசில் உள்ளே விடாது. தோல் வழியாக மெக்னீசியம் உடம்பில் போதுமான அளவு சேரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று நம் டாக்டரும் சொன்னார். எப்சம் உப்பும் ஒரு மெக்னீசியம் உப்புதான், அதைப் போட்ட வெந்நீரில் கால் வைப்பதும் இதே கதைதான், சூடே பாதி வேலையைப் பார்த்துவிடும்.

எனக்கு வெறும் வலி. உனக்கு அப்படியா? மாடி ஏறினால் தொடை துவள்கிறது, டப்பா மூடியைத் திறக்க வரவில்லை என்கிறாய். அதற்கும் இதையே அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குச் சம்மதமில்லை. கை கால் பலவீனம் வைட்டமின் பி12 குறைவு, வைட்டமின் டி குறைவு, தைராய்டு, சர்க்கரை என்று எதனாலும் வரும். அதோடு நீ வருஷக்கணக்காக அசிடிட்டி மாத்திரை ஒமெப்ரசோல் விழுங்குகிறாய். அதை நெடுநாள் சாப்பிட்டால் மெக்னீசியமும் பி12-உம் குறையலாம். அதற்காக நீயாக நிறுத்திவிடாதே, டாக்டரிடம் சொல். ரிப்போர்ட்டில் மெக்னீசியம் நார்மல் என்று வந்தாலும் அதோடு விட்டுவிடாதே. உடம்பில் உள்ளதில் 1 சதவீதம்கூட ரத்தத்தில் இருப்பதில்லை, மற்றதில் பெரும்பகுதி எலும்பிலும் தசையிலும்தான்.

ஒரு பக்கக் கையோ காலோ திடீரென்று விழுந்தாலோ, வாய் கோணினாலோ, எனக்கு போன் போடாதே. நேரே ஆஸ்பத்திரிக்குப் போ.

அப்புறம், பெரியப்பாவுக்கு மெக்னீசியம் மாத்திரை வாங்கித் தருவதாகச் சொன்னாயாமே. வேண்டவே வேண்டாம். கிட்னி பழுதானவர்களுக்கு அது வெளியேறாமல் ரத்தத்தில் சேர்ந்துவிடும், ஆபத்து.

உனக்குக் கேழ்வரகு மாவும் எள்ளுப்பொடியும் மாமாவிடம் கொடுத்திருக்கிறேன், டெக்கான் குயீன் ரயிலில் புணே வருகிறார். மெக்னீசியத்துக்கு இரண்டுமே நல்லது. பூசணி விதையை அங்கேயே வாங்கிக்கொள்.

சனிக்கிழமையே டெஸ்ட் கொடுத்துவிடு. சர்க்கரையும் பார்ப்பார்கள், வழக்கம்போல் காபி குடித்துவிட்டுப் போய் நிற்காதே.

அம்மா