கேட்டது கோர் ஐ3, வந்தது பென்டியம்

நாள்: 13.11.2025
இடம்: விருதுநகர்

பெறுநர்: குறைதீர் அலுவலர் அவர்கள்

பொருள்: 3.11.2025 அன்று ஆர்டர் செய்த ரீஃபர்பிஷ்டு (பழசைச் சரிசெய்து விற்கும்) லேப்டாப்பில் விளம்பரத்தில் சொன்ன பிராசசர் இல்லாதது குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். நான் விருதுநகரில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்து கொடுக்கிறவன். ஒன்பது வருடமாக என் மேசையில் இருப்பது இன்டெல் கோர் ஐ3-5005யூ பிராசசர் போட்ட ஒரு லேப்டாப். பழசுதான், ஆனால் என் வேலைக்கு இதுவரை மக்கர் செய்ததில்லை. உதவிக்கு வந்திருக்கும் தம்பிக்கும் அதே மாதிரி ஒன்று இருந்தால் போதும் என்றுதான் உங்கள் தளத்தில் தேடி, ‘கோர் ஐ3-5005யூ, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, ரேம் 16 ஜிபி வரை உயர்த்தலாம், ஒரிஜினல் விண்டோஸ் 11’ என்று போட்டிருந்ததை 13,499 ரூபாய் கட்டி வாங்கினேன்.

7ஆம் தேதி பார்சல் வந்தது. ஆன் செய்ததும் முதலில் கவனித்தது சத்தம்தான், அதாவது சத்தம் இல்லாததுதான். என் பழைய மெஷினில் நாலு ஃபைல் திறந்தாலே விசிறி இரைய ஆரம்பித்துவிடும். இதில் மூச்சுப் பேச்சில்லை. ‘பரவாயில்லையே, நன்றாகத் துடைத்துப் போட்டிருக்கிறார்கள்’ என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் மூன்று நாள்தான்.

10ஆம் தேதி இரவு. மறுநாள் ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனை விவர ரிட்டர்ன், தாக்கல் செய்யக் கடைசி நாள். ஒரு பருப்பு மொத்த வியாபாரியின் விற்பனைப் பதிவேட்டை எக்செல்லில் திறந்து, டேலி கணக்கு மென்பொருளோடு ஒத்துப்பார்த்து, பிரவுசரில் ஜிஎஸ்டி தளத்தையும் திறந்து வைக்க வேண்டும். என் மெஷினில் முக்கால் நிமிடத்தில் முடிகிற ஒரு வேலைக்கு, பக்கத்தில் தம்பியின் மெஷின் ஒன்றரை நிமிடத்துக்கும் மேல் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. ஃபைல் ஒன்றுதான். ரேம் இரண்டிலும் 8 ஜிபி. எஸ்எஸ்டியும் இரண்டிலும் உண்டு. சந்தேகப்பட்டு, மெஷினின் உள்விவரம் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், ‘இன்டெல் பென்டியம் என்3710’ என்று இருக்கிறது.

கீபோர்டுக்குக் கீழே ஒட்டியிருந்த ‘கோர் ஐ3’ ஸ்டிக்கரை அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். லேசாகச் சாய்ந்திருந்தது. நகத்தால் ஓரத்தை நெம்பியதும் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அதற்கு அடியில், அதைவிடக் கொஞ்சம் பெரிய இன்னொரு ஸ்டிக்கர் இருந்த இடம் பசையும் அழுக்குமாகச் சதுரமாகத் தெரிகிறது. படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

11ஆம் தேதி உங்கள் கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். 12ஆம் தேதி வந்த மெயிலில், ‘சார், உங்களுக்கு வந்திருப்பது இன்னும் உயர்ந்த மாடல். ஐ3-5005யூ 2 கோர், 2 கிகாஹெர்ட்ஸ், 2015. என்3710 4 கோர், 2.56 கிகாஹெர்ட்ஸ், 2016. மெஷின் நன்றாக வேலை செய்வதால் ரிட்டர்ன் எடுக்க இயலாது’ என்று எழுதியிருக்கிறார்கள். கோர் என்பது சிப்புக்குள் வேலை பார்க்கும் ஒரு பகுதி, கிகாஹெர்ட்ஸ் அதன் வேகம். எண் ஒன்றும் பொய்யில்லை. அவற்றை வைத்துச் சொல்ல வருவதுதான் பொய்.

2.56 என்பது என்3710 கொஞ்ச நேரத்துக்கு எட்டிப் பிடிக்கிற உச்ச வேகம். அதன் அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ்தான். ஐ3-5005யூவில் அப்படிக் கொஞ்ச நேரம் வேகம் கூட்டுகிற டர்போ கிடையாது, ஆனால் அதன் 2 கிகாஹெர்ட்ஸ்தான் அதன் அடிப்படை வேகமே. ஐ3 15 வாட் சிப், என்3710 6 வாட் சிப். என்3710 விசிறி இல்லாமல் ஓடுகிற ரகசியம் இதுதான். டாஸ்க் மேனேஜரில் ‘லாஜிக்கல் பிராசசர்’ என்ற வரியைப் பாருங்கள், இரண்டிலும் 4 என்றுதான் இருக்கும். ஐ3-யின் ஒவ்வொரு கோரும் ஒரே நேரத்தில் இரண்டு வேலையைக் கையில் எடுத்துக்கொள்ளும். நாலு சித்தாளை அனுப்பிவிட்டு, ‘ரெண்டு கொத்தனார்தானே கேட்டீர்கள், ரெண்டு பேர் அதிகம்’ என்றால் வீடு கட்டுகிறவர் ஒப்புக்கொள்வாரா? கணக்கு வேலையில் பெரும்பாலும் ஒன்று முடிந்து அடுத்தது என்று வரிசையாகத்தான் ஓடும். அங்கே ஒற்றைக் கோரின் வலுதான் பேசும்.

2016 என்பதும் அப்படித்தான். பென்டியம் என்ற பெயர் 1993இல் வந்தபோது அது இன்டெல்லின் உச்சம். பிறகு அதே பெயரை இரண்டு வேறு குடும்பங்களுக்கும் வைத்தார்கள். 3825யூ, 4405யூ போன்றவை கோர் வரிசையின் தம்பிகள். எண்ணுக்கு முன்னால் ‘என்’ வருகிறவை இன்டெல்லின் ‘ஆட்டம்’ (Atom) என்ற சிறிய சிப் வழி வந்தவை, குறைந்த மின்சாரத்தில் ஓடுவதற்கென்றே செய்தவை. ஒரு வருடம் பிந்திப் பிறந்ததால் அது ஐ3-யை விட உயர்ந்தது ஆகிவிடாது.

என்3710 மட்டமான சிப் என்று நான் சொல்லவில்லை. சூடாகாது, பேட்டரியை மிச்சம் பிடிக்கும். பிள்ளைகள் பாடம் பார்க்க, வீடியோ பார்க்க, நாலு பக்கம் டைப் அடிக்க நன்றாகவே போதும். அண்ணன் மகளுக்கு என்றால் அதையே கேட்டு வாங்கியிருப்பேன். அதுவும் உங்கள் தளத்திலேயே, இதே 8 ஜிபி, இதே 256 ஜிபியோடு, 8,999 ரூபாய்க்கு இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது. உயர்ந்த மாடலுக்கு 4,500 ரூபாய் விலை குறைவு ஏன் என்று அந்த மெயில் எழுதியவர் சொல்ல வேண்டும்.

ரேம் விஷயமும் இருக்கிறது. என்னிடம் சும்மா கிடக்கிற 8 ஜிபி ரேமைப் போட்டு 16 ஆக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஐ3-5005யூவுக்கு இன்டெல் சொல்கிற உச்ச அளவு 16 ஜிபி. என்3710க்கு 8 ஜிபியோடு சரி.

விண்டோஸ் 11 பற்றியும் ஒரு வார்த்தை. மைக்ரோசாஃப்ட் இன்டெல் சிப்களில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதற்கு ஆதரவு தருகிறது. நீங்கள் விளம்பரம் செய்த சிப்பும் சரி, அனுப்பிய சிப்பும் சரி, அந்தப் பட்டியலில் இல்லை. தடையைச் சுற்றிக்கொண்டு நிறுவியிருக்கிறீர்கள், அதை விளம்பரத்தில் சொல்லவில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு போன அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றது எனக்கும் தெரியும், என் மெஷினுக்குக் கூடுதல் அப்டேட் பதிவு செய்து வைத்திருக்கிறேன். தெரிந்து வாங்குவது வேறு, மறைத்து விற்பது வேறு.

ஆகவே, ஒன்று, உண்மையான ஐ3-5005யூ மெஷினை அனுப்பிவிட்டு இதை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் 13,499 ரூபாயையும் முழுதாகத் திருப்பித் தாருங்கள். வித்தியாசத் தொகைக்குக் கூப்பன் தருவதாக உங்கள் பிரதிநிதி போனில் சொன்னார், அது எனக்கு வேண்டாம். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் மறுக்கக் கூடாது என்பது 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளிலேயே இருக்கிறது. புகாரைப் பெற்றுக்கொண்டதாக 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு என்பதும் அதே விதிகள்தான். ஒப்புகை வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்வேன், அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம்.

ஆர்டர் விவரம், பில், விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், டாஸ்க் மேனேஜர் படம், உங்கள் மெயில் எல்லாம் இத்துடன் இருக்கின்றன. எடுக்க வருபவரைக் காலை 10 மணிக்கு மேல் அனுப்புங்கள், ஆனால் 20ஆம் தேதி மட்டும் வேண்டாம், அன்று ஜிஎஸ்டிஆர்-3பி என்ற அடுத்த ரிட்டர்னுக்குக் கடைசி நாள். லேப்டாப், சார்ஜர், பெட்டி மூன்றும் தயாராக இருக்கும். ஸ்டிக்கரை மட்டும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன், பணமோ மாற்று மெஷினோ வந்த பிறகுதான் அதைத் தருவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்