கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அம்மா அவர்களுக்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும், காலையும் மதியமும் என் பிள்ளையின் பசி அறிந்து பரிமாறியவர்களுக்கும், இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலராக இருந்த எங்கள் தெருத் தங்கைக்கும் வணக்கம்.

என் மகன் இந்த ஏப்ரல் மாதத்தோடு ஐந்தாம் வகுப்பை முடித்துக்கொண்டு, ஆறாம் வகுப்பிற்காக வேறு பள்ளிக்குப் போகிறான். மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த அன்று அலுவலக அறையில் வேறு பெற்றோர் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறவள் நான். பேசுவதைவிட எழுதுவது எனக்கு எளிது என்பதால் இந்த மடல். யாருடைய பெயரையும் போட்டுவிடக் கூடாது என்று மூன்றாம் வகுப்பு ஆசிரியை முன்பே கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். படிக்கும் அக்கம்பக்கத்தாருக்கு யார் யார் என்று தெரியாமலா போகும்.

நாங்கள் விரும்பி உங்கள் பள்ளிக்கு வந்தவர்கள் இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். என் கணவர் துறைமுகத்திற்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். கொரோனா ஊரடங்கில் சரக்கு குறைந்து, மாதத்தில் பாதி நாள் வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. மகன் முதல் வகுப்பு வரை படித்த தனியார் பள்ளியில், கட்டணம் பாக்கி வைத்தவர்களின் பிள்ளைகளை வகுப்பு நடக்கும் கைபேசிக் குழுவிலிருந்து நீக்கினார்கள். பிறகு வேறு பள்ளியில் சேர்ப்பதற்காக மாற்றுச் சான்றிதழ் கேட்டபோது, பாக்கியை முழுதாகக் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். சான்றிதழ் இல்லாமல் எந்தப் பள்ளியும் சேர்க்காது என்று நம்பி, நான் ஐந்து மாதம் அந்தப் பிள்ளையை வீட்டிலேயே வைத்திருந்தேன். அந்த ஐந்து மாதத்தை நினைத்தால் இன்றும் என் மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது.

2021ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி தொடக்கப் பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்டன. அந்த வாரம் தயங்கித் தயங்கி உங்கள் அறை வாசலில் நின்ற என்னைத் தலைமையாசிரியர் அம்மா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதற்காக ஒரு பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பிறப்புச் சான்றிதழைப் பார்த்து இரண்டாம் வகுப்பில் பெயர் எழுதிக்கொண்டார்கள். எவ்வளவு பாக்கி, ஏன் கட்டவில்லை, அப்பா என்ன செய்கிறார் என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பணம் இல்லாதவர்களிடம் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். கேட்காமல் விட்டதை நான் மறக்க மாட்டேன்.

அடுத்து ஆங்கில வழியா, தமிழ் வழியா என்ற பேச்சு வந்தது. ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறதா என்று நான்தான் அவசரப்பட்டுக் கேட்டேன். தலைமையாசிரியர் அம்மா பிள்ளையிடம் ஒரு தமிழ்ப் புத்தகத்தையும் ஓர் ஆங்கிலப் புத்தகத்தையும் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். இரண்டிலும் அவனுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. மூன்று ஆண்டுகள் கட்டணம் கட்டியும் என் பிள்ளை படம் பார்த்துக் கதை சொல்லவே கற்றிருந்தான் என்பது அந்த மேசை முன்னால்தான் எனக்கு உறைத்தது. வீட்டில் பேசும் மொழியில் முதலில் படிக்கட்டும், அது வந்துவிட்டால் மற்றது பின்னாலேயே வரும் என்றார்கள். அரைமனதோடுதான் சம்மதித்தேன். உறவினர் சிலர் சிரித்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதற்காக இந்த மடலை எழுதவில்லை, ஆனாலும் அவர்களும் படிப்பார்கள் என்று தெரியும்.

அந்த ஆண்டுக் கடைசியில் எங்கள் தெருவில் இல்லம் தேடிக் கல்வி மையம் தொடங்கியது. கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த தங்கை ஒருத்தி, மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு, தினமும் மாலை ஒன்றரை மணி நேரம் தன் வீட்டு வாசலில் பாய் விரித்துப் பிள்ளைகளை உட்கார வைத்தாள். அந்த ஆயிரத்தில் பாதி, சுண்ணக்கட்டிக்கும் வண்ணப் பென்சிலுக்கும் போயிருக்கும். தங்கையே, மழை நாளில் உன் வீட்டுக் கட்டிலை மடித்து வைத்துவிட்டு உள்ளே இடம் கொடுத்த உன் அம்மாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்.

மூன்றாம் வகுப்பைப் பற்றித்தான் நான் நிறைய எழுத வேண்டும். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியபோது, ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை அவரவர் வாசிக்கும் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பித்தார்கள். என் மகன் அரும்பில் இருந்தான். முதல் வகுப்புப் பிள்ளைகள் கற்கும் எழுத்தை மூன்றாம் வகுப்பில் கற்கிறானே என்று எனக்கு அவமானமாக இருந்தது. வகுப்பு ஆசிரியையிடம் போய், எப்படியாவது மொட்டில் உட்கார வையுங்கள், வீட்டில் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். அவர் கோபப்படவில்லை. அஸ்திவாரம் போடாத இடத்தில் மாடி கட்டச் சொல்கிறீர்களே அம்மா என்று சிரித்துவிட்டு, வகுப்பு நடக்கும்போதே என்னைப் பின்னால் உட்காரச் சொன்னார். விரலில் பொம்மையை மாட்டிக்கொண்டு அவர் பாடப் பாட, என் பிள்ளை ‘ப’வையும் ‘ம’வையும் தரையில் பெரிதாக எழுதி அதன்மேல் நடந்துகொண்டிருந்தான். பள்ளியில் அவன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல்முறை.

அந்த ஆசிரியை எங்கள் பகுதியை அறிந்தவர். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டித்தான் நாங்கள் பள்ளிக்கு வர வேண்டும். சரக்கு ரயில் வந்தால் கேட் எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தாமதமாக வரும் பிள்ளைகளை வாசலில் நிறுத்தாமல், இன்று எத்தனை பெட்டி என்று எண்ணிக்கொண்டு வந்தாயா என்று கேட்பார். என் மகன் நாற்பது, நாற்பத்தொன்று என்று எண்ணக் கற்றது அந்தக் கேட்டில்தான். வழியில் உள்ள கடைப் பலகைகளில் தெரிந்த எழுத்தைத் தேடி வரச் சொல்வதும் அவருடைய வழக்கம். அந்தக் கார்த்திகை மாதத்தில் ஒரு விடியற்காலை, தண்ணீர் லாரியின் பின்னால் நான் குடத்தோடு வரிசையில் நின்றிருந்தேன். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தவன், லாரியின் பின்புறத்தைப் பார்த்து, ‘கு, டி, நீ, ர்’ என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, பிறகு சேர்த்து ‘குடிநீர்’ என்றான். வரிசையில் எனக்கு முன்னால் யார் புகுந்தார்கள் என்றுகூட அன்று நான் பார்க்கவில்லை. ஆசிரியை அவர்களே, அந்தச் சொல்லை நீங்கள் அவனுக்குக் கற்றுத் தரவில்லை, அவனே படித்தான். அதை உங்களிடம் சொன்னபோது உங்கள் முகம் எப்படி இருந்தது என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

ஆண்டு முடிவில் அவன் மலருக்குப் போய்விடவில்லை, மொட்டில்தான் இருந்தான். நான்காம் வகுப்பின் இரண்டாம் பருவத்தில்தான் தடையில்லாமல் வாசிக்க ஆரம்பித்தான். இதைச் சொல்லக் காரணம், ஒரே ஆண்டில் எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் நீங்களே நம்ப மாட்டீர்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: பிள்ளைகளை மதிப்பிட்டுக் கைபேசிச் செயலியில் ஏற்றும் வேலைக்காக ஆசிரியர்கள் வகுப்பிலேயே இணைப்புக் கிடைக்காமல் ஜன்னலோரம் நின்று திண்டாடியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த நேரம் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய நேரம். இது ஆசிரியர்கள் மேல் குறையில்லை.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அதற்கு முன் எங்கள் வீட்டுக் காலை நேரம் எப்படி இருந்தது என்பது எங்கள் தெருப் பெண்களுக்குத் தெரியும். தண்ணீர் வரும் நேரத்தில் தண்ணீர் பிடிக்க வேண்டும். பிடித்து முடித்தால் சமைக்க நேரம் இராது. சமைத்தால் தண்ணீர் போய்விடும். பல நாள் அவன் தேநீரும் பொறையும் சாப்பிட்டுத்தான் பள்ளிக்கு ஓடினான். பள்ளியில் சூடான பொங்கலும் சாம்பாரும் கிடைத்த பிறகு, பத்து மணிக்கு வயிற்றுவலி என்று சொல்லும் பழக்கமே அவனுக்குப் போய்விட்டது. கிச்சடி என்றால் வீட்டில் முகத்தைச் சுளிப்பவன், அங்கே இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவானாம். பரிமாறும் அக்காமார்களுக்கு என் நன்றி. மதியச் சத்துணவுச் சமையலர் அம்மாவை எல்லாப் பிள்ளைகளும் ‘ஆயா’ என்றே கூப்பிடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி என்பதால் அந்தச் சொல்லில் பதவியைவிட உறவுதான் அதிகம். முட்டையின் மஞ்சள் கருவை என் மகன் ஒதுக்குவான் என்று தெரிந்து, அதைச் சோற்றில் பிசைந்து ஊட்டியே பழக்கிவிட்டார்கள். இப்போது வீட்டிலும் ஒதுக்குவதில்லை.

எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா ஒருமுறை சொன்னதை இங்கே எழுத ஆசைப்படுகிறேன். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகல் உணவு என்பது 1920ஆம் ஆண்டிலேயே ஆயிரம்விளக்குப் பள்ளியில் தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்போடு மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டது. அப்போது மன்றத் தலைவராக இருந்தவர் சர் பிட்டி தியாகராயர். பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் பெயர் தாங்கிய கல்லூரியைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன். பெயர்ப்பலகையை எத்தனையோ முறை பார்த்தும், என் பிள்ளையின் தட்டோடு அந்தப் பெயருக்குத் தொடர்பு இருக்கும் என்று நினைத்ததில்லை.

2022இல் மேலாண்மைக் குழு மாற்றி அமைக்கப்பட்டபோது, இருபது பேரில் பதினைந்து பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்ற விதிப்படி என்னையும் சேர்த்தார்கள். கடையில் விடுப்பு எடுக்க முடியாது என்று மறுத்தேன்; கூட்டத்தை என் வார விடுமுறை நாளுக்கு மாற்றி வைத்துக்கொண்டார்கள். பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதை நான் எழுந்து நின்று சொன்னபோது குரல் நடுங்கியது. அதைத் தீர்மானமாக எழுதி, எங்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, வார்டு உறுப்பினரிடம் கொண்டுபோனார் தலைமையாசிரியர் அம்மா. தாழ்ப்பாள் வர இரண்டு மாதம் ஆனது. அதுவரை சத்துணவு ஆயா ஒரு கயிற்றைக் கட்டி வைத்திருந்தார்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. சாக்கடையும் கலந்த தண்ணீர். புத்தகப் பை கட்டிலுக்கு அடியில் இருந்தது. பள்ளி மீண்டும் திறந்த அன்று, புத்தகம் இல்லாமல் எப்படிப் போவது என்று அவன் அழுதான். போய்ப் பார்த்தால் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வெறுங்கையோடு வந்திருந்தார்கள். நான்காம் வகுப்பு ஆசிரியை, நனைந்த புத்தகங்களை எல்லாம் கொண்டுவரச் சொல்லி, மாடியில் கயிறு கட்டிக் காய வைத்து, கிழிந்த பக்கங்களை ஒட்டி, மூன்று பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் என்று பிரித்துக் கொடுத்தார். அவர் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருந்தது என்பது எங்களுக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும். டீச்சர், அன்று உங்களிடம் என் கஷ்டத்தையே அரை மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். மன்னிக்க வேண்டும்.

கேட் அருகே கன்டெய்னர் லாரிகளை நிறுத்திப் பிள்ளைகளைக் கடக்க வைக்கும் ஆட்டோ நிறுத்தத்து அண்ணன்களுக்கும், நான் வரத் தாமதமாகும் மாலைகளில் என் மகனைத் தன் பெட்டிக்கடைப் பலகையில் உட்கார வைத்துக்கொண்ட அக்காவுக்கும் நன்றி.

இந்த முறை மாற்றுச் சான்றிதழ் கேட்ட அன்றே கையில் கிடைத்தது. அதை வாங்கிப் படித்தவன் என் மகன்தான். தன் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருப்பதைக் கண்டுபிடித்து, அலுவலக அறையிலேயே திருத்தி வாங்கினான்.

அவன் தங்கைக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. முதல் வகுப்பில் சேர்க்க மார்ச் மாதமே உங்களிடம் பெயர் கொடுத்துவிட்டோம். இம்முறை நாங்களாக விரும்பித்தான் வருகிறோம். ஜூனில் பள்ளி திறக்கும் அன்று அவளை நானே அழைத்து வருவேன். கேட் போட்டிருந்தால் சற்றுத் தாமதமாகும், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய்,
கொருக்குப்பேட்டை, சென்னை.